சிறகில்லாத ஒரு பூச்சி மெட்ராஸுக்கு வந்த கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு கதை எங்க வீட்டு மொட்டை மாடியில ஆரம்பிக்குது.

அம்பத்தூர்ல எங்க மாடியில ஒரு செம்பருத்திச் செடி இருந்துச்சு. ரெண்டு வருஷமா நல்லா பூத்துட்டு இருந்த செடி. போன கோடையில அதோட கொழுந்துல, தண்டுல, இலைக்கு அடியில எல்லாம் வெள்ளையா மாவு தூவின மாதிரி ஏதோ ஒட்டிக்கிச்சு. அம்மா பார்த்த உடனே சொல்லிட்டாங்க, "மாவுப்பூச்சி வந்துருச்சுடா." வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணில கலந்து அடிச்சோம். பழைய பல்துலக்கி வச்சுத் தேய்ச்சோம். ஒரு வாரம் காணாமப் போகும், மறுபடி வரும். கடைசியில செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதாப் போச்சு. அதுக்குள்ள பக்கத்துத் தொட்டி கத்தரிச் செடியிலயும் ஏறிடுச்சு.

அப்போ எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த வெள்ளை மாவை விரல்ல எடுத்துப் பார்த்தா உள்ள சின்னதா, மெத்துனு ஒரு உடம்பு. சிறகு கிடையாது. கால் இருந்தாலும் பெருசா நடக்கிறது இல்ல. பறக்கவே முடியாத இது, மூணு மாடி ஏறி எங்க செம்பருத்திக்கு எப்படி வந்துச்சு?

இந்தக் கேள்வியைத் துரத்திக்கிட்டுப் போனா 230 வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸ்ல போய் நிக்குது. அதைத்தான் இன்னிக்கு பேசப் போறோம்.

சிறகு ஏன் போகுது?

முதல்ல கொஞ்சம் உயிரியல். பூச்சிகள் ஜெயிச்சதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு சிறகு. பறவைக்கும் வௌவாலுக்கும் ரொம்ப முன்னாடியே பூச்சிகள் பறந்தாச்சு. அப்படிப்பட்ட சொத்தை எதுக்கு ஒரு உயிரினம் கைவிடணும்? ஆனா கைவிட்டிருக்கு. ஒரு தடவை இல்ல, வெவ்வேறு குடும்பங்கள்ல, தனித்தனியா, பல தடவை.

இதைப் பத்தி யோசிச்சவர்கள்ல சார்லஸ் டார்வின் முக்கியமானவர். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல, அட்லாண்டிக் கடல்ல மடீரானு ஒரு தீவு. அங்கே வண்டுகளைச் சேகரித்த வொல்லாஸ்டன் என்பவர், சுமார் 550 வகை வண்டுகளில் 200 வகைகளுக்குப் பறக்க முடியாத அளவுக்குச் சிறகு குறைந்திருப்பதைக் கவனித்தார். 1859-ல் வெளியான தன் புத்தகத்தில் டார்வின் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். காற்று பலமா அடிக்கிற தீவுல பறக்கிற வண்டு கடலுக்குள்ள அடிச்சுட்டுப் போயிடும். பறக்காத சோம்பேறி வண்டு பிழைச்சுக்கும். தலைமுறை தலைமுறையா சோம்பேறிகள் பெருகும்.

இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வரவு செலவுக் கணக்கு. சிறகும், அதை அசைக்கிற தசையும் இலவசம் இல்ல. அதைக் கட்டச் சாப்பாடு வேணும், பராமரிக்கவும் சாப்பாடு வேணும். அந்தச் சாப்பாட்டை முட்டைக்குப் போட்டா பிள்ளைகள் கூட.

இதுக்கு நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. திருவள்ளூர் பக்கம் நெல் போடுற எந்த விவசாயியையும் "புகையான்" பத்திக் கேளுங்க, முகம் மாறும். நெல் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி அது. வயல் திட்டுத் திட்டாகப் புகைபட்டது போலக் காய்ந்துவிடும், அதனால்தான் அந்தப் பெயர். புகையானில் ஒரே இனத்துக்குள் இரண்டு வடிவம் உண்டு: குட்டைச் சிறகு, நீளச் சிறகு. பயிர் பசுமையா இருந்து இடமும் இருந்தா குட்டைச் சிறகுப் பெண்கள் நிறைய வரும். அதுங்க பறக்காது, ஆனா சீக்கிரமா, அதிகமா முட்டை போடும். கூட்டம் நெருக்கி, பயிர் வாட ஆரம்பிச்சா, அடுத்து வர்ற தலைமுறையில நீளச் சிறகு கூடிடும். எல்லாம் கிளம்பி வேற வயலுக்குப் போயிடும்.

அதாவது, சாப்பாடு காலடியிலேயே இருந்தா சிறகு வேண்டாம். சாப்பாடு தீர்ந்தா சிறகு வேணும். இதுதான் கணக்கு.

இந்தக் கணக்கைக் கடைசி வரைக்கும் கொண்டு போன குடும்பம்தான் செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும். அதுல பெண்ணுக்கு எப்பவுமே சிறகு கிடையாது. ஊசி மாதிரி வாயைச் செடிக்குள்ள இறக்கி, சாறு குடிச்சு, முட்டை வச்சு, பெரும்பாலும் அங்கேயே வாழ்க்கை முடிஞ்சுடும். ஆணுக்கு ஒரு ஜோடிச் சிறகு இருக்கும். ஆனா சாப்பிட வாய் வேலை செய்யாது. சில நாள் பறந்து, துணையைத் தேடி, செத்துப் போகும். ஒரே இனம்தான். ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சா ஒரே குடும்பம்னு நம்ப மாட்டீங்க.

நம்ம அரக்கு கூட இந்த வகைப் பூச்சி தர்றதுதான். இந்தக் குடும்பத்துல இன்னொரு சொந்தக்காரப் பூச்சிக்காகத்தான் பேரரசுகள் அடிச்சுக்கிட்டாங்க. அதோட பேர் கொச்சினீல்.

விதையா, பூச்சியா?

கொச்சினீல் மெக்ஸிகோ பூச்சி. கள்ளிச் செடியில வாழும். பெண் பூச்சியைச் சேகரிச்சுக் காய வச்சு அரைச்சா, ரத்தச் சிவப்புச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேணும்னு வழக்கமாச் சொல்லுவாங்க. ஸ்பெயின்காரர்கள் மெக்ஸிகோவைப் பிடித்த பிறகு, அங்கிருந்து வெள்ளிக்கு அடுத்தபடியாக விலைமதிப்புள்ள ஏற்றுமதி இதுதான்.

காய்ந்த பெண் பூச்சிக்குச் சிறகும் இல்ல, காலும் கண்ணுக்குத் தெரியாது. பார்க்க ஏதோ தானியம் மாதிரிதான் இருக்கும். அதனால இது விதையா பூச்சியான்னு ஐரோப்பாவுல ரொம்ப காலம் வாதம் நடந்துச்சு. ஸ்பெயினுக்கு அந்தக் குழப்பம் வசதியாத்தான் இருந்தது. உயிரோட பூச்சியை வெளியே விடாம அவங்க பொத்திப் பொத்திப் பாதுகாத்தாங்க. 1777-ல் தியெரி த மெனோவில் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்ஸிகோவின் வஹாகா வரைக்கும் போய், கள்ளியையும் பூச்சியையும் ரகசியமாகக் கடத்தி, கரீபியத் தீவான சான் தோமாங்குக்குக் கொண்டு வந்தார்.

ஆங்கிலேயர்களுக்கு இந்தச் சிவப்பு ரொம்ப முக்கியம். அவர்களுடைய ராணுவச் சீருடையே சிவப்பு. சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டிவேர் வகைச் சாயம். அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல். 19-ஆம் நூற்றாண்டில் நம்ம பூந்தமல்லி, பிரிட்டிஷ் படையினர் வந்து தங்கும் ராணுவ டெப்போவாக இருந்த ஊர். அந்தத் தெருக்களில் நடந்த அதிகாரிகள் தோளில் போட்டிருந்ததில் பாதி விலை பூச்சிக்குன்னு சும்மா விளையாட்டாச் சொல்லலாம். இன்னிக்கு பக்கத்துல ஆவடியில ராணுவ உடைத் தொழிற்சாலை இருக்கு. அங்க சிவப்பு கோட்டு தைக்கிறது இல்ல, அது வேற விஷயம்.

ஒரு முரணையும் சொல்லிடறேன். மெட்ராஸ் கரைக்குச் சிவப்பு புதுசே இல்ல. நம்ம சோழமண்டலக் கரையில சாயவேர்ல இருந்து பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏத்துறதுல கை தேர்ந்தவங்க தலைமுறை தலைமுறையா இருந்தாங்க. அந்தத் துணிக்காகத்தான் கம்பெனியே இந்தக் கரைக்கு வந்தது. ஆனா கம்பளிக்கும் பட்டுக்கும் பளீர்னு ஏறுற சிவப்புக்குக் கொச்சினீல்தான் வேணும்னு அவங்க நினைச்சாங்க.

மெட்ராஸ் டாக்டரின் கனவு

இங்கேதான் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் வர்றார். ஸ்காட்லாந்துக்காரர், 1738-ல் பிறந்தவர். மெட்ராஸில் கம்பெனியின் மருத்துவராக வேலை பார்த்து, தலைமை மருத்துவர் பதவி வரை போனவர். வைத்தியத்தை விடச் செடி மேல ஆசை ஜாஸ்தி. நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தார்.

1786 இறுதியில், மெட்ராஸில் ஒரு புல்லில் சிவப்புச் சாறுள்ள பூச்சிகளைப் பார்த்ததாக லண்டனில் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசஃப் பாங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். கொச்சினீல் நம்ம ஊர்லயே இருக்குன்னு அவருக்கு ஒரே குஷி. அந்தக் கடிதங்கள் 1788-ல் மெட்ராஸிலேயே அச்சாகி வந்தன. ஆனா சோதிச்சுப் பார்த்ததுல அந்தப் பூச்சிச் சாயம் தேறல.

ஆனாலும் யோசனை விதைச்சாச்சு. அசல் பூச்சி எப்பவாவது கைக்கு வந்தா சாப்பாடு தயாரா இருக்கணும் இல்லையா? லண்டனில் உள்ள கியூ தோட்டத்திலிருந்து நோபல் கள்ளி மெட்ராஸுக்கு வந்தது. சைதாப்பேட்டையில், அப்போது மர்மலாங் என்று அழைக்கப்பட்ட இடத்தில், அதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார்கள். பெயர் "நோபல்ரி". ஆண்டர்சனின் உறவினரான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்துக்கொண்டார். பூச்சியே வரல, பந்தி மட்டும் ரெடி.

1795-ல் பூச்சி வந்தது. நீல்சன் என்ற கேப்டன் இந்தியாவுக்கு வரும் வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இறங்கினார். ஊருக்கு வெளியே கள்ளியில் பூச்சியைப் பார்த்து, பூச்சியோடு கள்ளியையும் கப்பலில் ஏற்றினார். வழியில் பெரும்பாலானவை செத்தன. மிஞ்சியதைக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வில்லியம் ராக்ஸ்பரோவிடம் கொடுத்தார். அங்கிருந்து மெட்ராஸுக்கு, ஆண்டர்சன் கைக்கு.

தப்பான பூச்சி

ஆனா அவங்களுக்கு வந்தது மெக்ஸிகோவுல ஆயிரக்கணக்கான வருஷமா வளர்த்த அசல் வளர்ப்புக் கொச்சினீல் இல்ல. அதோட காட்டுச் சொந்தக்காரன். இன்னிக்கு அறிவியல்ல அதுக்கு டாக்டிலோபியஸ் சிலோனிகஸ்னு பேர்.

வித்தியாசம் ரொம்பப் பெருசு. வளர்ப்புப் பூச்சி உடம்பு பெருசு, மேல மெழுகு கம்மி, சாயம் அதிகம். ஆனா மழை தாங்காது, குளிர் தாங்காது, மனுஷன் கை இல்லாம பிழைக்காது. காட்டுப் பூச்சி சின்னது, பஞ்சு மாதிரி மெழுகு மூடியிருக்கும், சாயம் குறைவு. ஆனா முரட்டுப் பயல், எதையும் தாங்கும்.

அதைவிட வேடிக்கை, அவ்வளவு செலவு பண்ணி வளர்த்த நோபல் கள்ளியை அது மதிக்கவே இல்ல. வேலியோரம் கிடந்த நம்ம ஊர்ச் சப்பாத்திக்கள்ளி மேல பாய்ஞ்சுது. காரணம் பின்னால புரிஞ்சுது. நம்ம ஊர்க் கள்ளின்னு நாம நினைச்சதே நம்ம ஊர் இல்ல. ஒப்புன்டியா மொனகாந்தா என்ற அந்தக் கள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து முன்பே வந்து இங்கே வேலியாகிவிட்டது. பூச்சியும் பிரேசில், கள்ளியும் பிரேசில். ரெண்டு பழைய பகையாளிங்க மெட்ராஸ்ல மறுபடியும் சந்திச்சுக்கிட்டாங்க.

சாயத்தின் தரம் குறைவு, லண்டனில் விலையும் போகவில்லை. கம்பெனியின் ஆசை மெல்ல அடங்கியது. நோபல்ரியின் செடிகள் பெங்களூரு லால்பாகுக்குப் போயின. ஆண்டர்சன் 1809-ல் இறந்தார். மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்கு ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது. செய்தவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி சான்ட்ரே.

ஆனா பூச்சி ஓய்வு எடுக்கல. வயல் வேலியா, கோட்டை அரணா இருந்த அந்தக் கள்ளியை அது போற இடமெல்லாம் தின்னு தீர்த்தது. ஒரு விவசாயியோட இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. முள்வேலி அவருக்குக் காசு கேட்காத காவல்காரன். ஆடு மாடு பயிருக்குள்ள இறங்காம காத்தது அதுதான். அது வெள்ளையாப் பூத்து, அழுகி, சாயுது. ஏன்னு அவருக்குத் தெரியாது. லண்டன்ல யாரோ ஒருத்தருக்குச் சிவப்பு கோட்டு வேணும்னு இது வந்ததுன்னு யாரும் அவர்கிட்ட சொல்லப் போறதில்ல.

இன்னொரு பக்கம், கள்ளி சும்மா வேலியோட நின்ன செடியும் இல்ல. மேய்ச்சல் நிலத்தையும் புறம்போக்கையும் மூடிட்டு இருந்துச்சு. அங்கெல்லாம் அது செத்தது நல்லதாப் போச்சு. 1836–38 வாக்கில், கள்ளியை அழிப்பதற்கென்றே இந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவில் பரப்பினார்கள். 1860களில் இலங்கைக்கும் கொண்டு போனார்கள். ஒரு களையை அழிக்க ஒரு பூச்சியை ஏவும் முறைக்கு இன்று "உயிரியல் கட்டுப்பாடு" என்று பெயர். அதன் உலக வரலாற்றை எழுதுபவர்கள் முதல் வரியாக எழுதுவது இந்தக் கதையைத்தான். சாயத்துல தோத்த முயற்சி, யாரும் எதிர்பார்க்காத வேற ஒண்ணுல ஜெயிச்சுது.

அதுக்கப்புறம் வேற ஒரு கள்ளி, ஒப்புன்டியா ஸ்ட்ரிக்டா, அந்தக் காலி இடத்தையும் சேர்த்துப் பிடிச்சுது. இன்னிக்கும் நாம பார்க்கிற, மஞ்சள் பூ பூத்து, பழம் தின்னா நாக்கு சிவக்கிற சப்பாத்திக்கள்ளி அதுதான். பழைய பூச்சி அதைத் தொடவே இல்ல. 1926-ல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒப்புன்டியே என்ற இன்னொரு கொச்சினீல் சொந்தக்காரனைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்து விட்டார்கள். சில வருஷத்துக்குள்ள தமிழ்நாட்டுல பெரிய பெரிய கள்ளிக்காடுகள் சரிஞ்சுது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு 1912-ல் உலகம் சுற்ற அனுப்பிய கள்ளி ஆய்வுக்குழுவும் இந்தியா, இலங்கைப் பக்கம் வந்து பழைய பூச்சியின் வேலையைப் பார்த்துவிட்டுப் போனது.

அப்போ சிறகு யாரோடது?

இப்போ என் மொட்டை மாடிக் கேள்விக்கு வருவோம். பறக்க முடியாதது எப்படிப் பரவுது?

ஒரு பதில், காத்து. முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சு, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அது மட்டும்தான் நல்லா நடக்கும். கொச்சினீல் குஞ்சு கள்ளியோட விளிம்புக்கு ஏறி நிக்கும். பெண் குஞ்சோட உடம்புல நீளமா மெழுகு இழைகள் இருக்கும். காத்தடிச்சா பட்டம் மாதிரி போயிடும். போற இடத்துல கள்ளி இருந்தா வாழ்க்கை, இல்லைன்னா அவ்வளவுதான். ரெண்டாவது பதில், எறும்பு. மாவுப்பூச்சி வெளியே விடுற இனிப்புச் சாறுக்காக எறும்புங்க அதைக் காவல் காக்கும், சில நேரம் தூக்கிட்டும் போகும்.

மூணாவது பதில், நாமதான். நர்சரியில வாங்குற செடி, பக்கத்து வீட்டுல இருந்து வாங்கிட்டு வர்ற போத்து, லாரி, கப்பல். நீல்சன் கப்பல்ல செஞ்சதை நாம ஸ்கூட்டர்ல செய்றோம். எங்க செம்பருத்தி கூட ஒரு தள்ளுவண்டியில வாங்கின செடிதான்.

இது சின்ன விஷயம் இல்ல. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சியைக் கண்டார்கள். அதுவும் மெக்ஸிகோ பக்கத்துப் பூச்சி, அதிலும் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளையாச்சு. விவசாயிங்க மருந்துக்கு மேல மருந்து அடிச்சுக் கடனாளி ஆனாங்க. மெழுகு மூடினதால மருந்து உள்ளேயே போகல. கடைசியில 2010-ல், அதன் இயற்கை எதிரியான ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரு ஆய்வு நிறுவனம் வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வயல்களுக்குக் கொடுத்தது. சில மாசத்துல பப்பாளி மறுபடி பச்சையாச்சு. இந்தத் தடவை, இது எதைத் தின்னும், எதைத் தொடாதுன்னு சோதிச்சுப் பார்த்துட்டுதான் விட்டாங்க. ஆண்டர்சன் காலத்துக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமே அதுதான்.

ஏன்னா இந்தச் சோதனை இல்லைன்னா என்ன ஆகும்னு இப்பவும் பார்க்கலாம். நம்ம ஊருக்கு உதவின அதே டாக்டிலோபியஸ் ஒப்புன்டியே, 2014-ல் மொராக்கோவுக்குள்ள நுழைஞ்சுது. அங்க கள்ளி களை இல்ல, பயிர். பழத்துக்கும், மாட்டுத் தீவனத்துக்கும், வேலிக்கும் அதை நம்பி வாழ்ந்த கிராமங்கள்ல கள்ளித் தோட்டங்கள் அழிஞ்சு போச்சு. ஒரே பூச்சி, இங்க மருந்து, அங்க நோய்.

காஞ்சிபுரம் போற வழியில

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. பூந்தமல்லி தாண்டி நேரா போனா காஞ்சிபுரம். அந்தப் பட்டுக்கு நூல் தர்ற பட்டுப்பூச்சிக்குச் சிறகு இருக்கு. ஆனா பறக்காது. சீனாவுல சுமார் 5,000 வருஷம் மனுஷன் கையிலேயே வளர்ந்ததுல அந்தத் திறமையே போயிடுச்சு. ஆண்டர்சன் மெட்ராஸில் மல்பெரி நட்டுப் பட்டுப்பூச்சியையும் வளர்க்கப் பார்த்தார். அவருக்குப் பறக்காத பூச்சிங்க மேல ஒரு கண்ணு. காரணம் எளிமை: பறக்காததை அடைச்சு வைக்கலாம், எண்ணலாம், அறுவடை பண்ணலாம், கணக்குல ஏத்தலாம்.

அவர் தப்பு பண்ணது அங்கதான்னு நினைக்கிறேன். பறக்காதது இருந்த இடத்துலயே இருக்கும்னு நம்பினார். ஆனா அது போறதுக்குத் தேவையான கப்பலையே அவரும் நீல்சனும்தான் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாங்க.

கொச்சினீல் இன்னும் உயிரோட இருக்கு. 1869-க்கு அப்புறம் செயற்கைச் சாயம் வந்து சந்தையை உடைச்சாலும், உணவு நிறமா திரும்பி வந்துச்சு. ஈ120னு லேபிள்ல போட்டா அதுதான். 2012-ல் அமெரிக்காவுல ஸ்டார்பக்ஸ் தன்னோட ஸ்ட்ராபெரி பானத்துல இதைப் போட்டது தெரிஞ்சு சர்ச்சையாகி, கடைசியில தக்காளியில இருந்து எடுக்கிற நிறத்துக்கு மாறினாங்க.

எங்க மாடியில இப்போ புதுச் செம்பருத்தி இருக்கு. வாங்கினதும் நேரா மாடிக்குக் கொண்டு போகல. கீழே தனியா பத்து நாள் வச்சு, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுதான் ஏத்தினோம். அம்மா கேட்டாங்க, "என்னடா, செடிக்குக் குவாரன்டைனா?" ஆமாம்மா, அதேதான்.

நீங்களும் அடுத்த தடவை யார் வீட்டுல இருந்தாவது ஒரு போத்து வாங்கிட்டு வந்தா, இலைக்கு அடியில ஒரு தடவை பாருங்க. உங்க மாடியில இந்த மாதிரி கதை இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.